‘தள்ளாடி’ யாருடைய சொல்?

போன மாதம் ஒரு நாள் விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு பஸ் ஏறினேன். என்னுடைய புதுப் புத்தகத்தின் அட்டை அங்கே அச்சாகிக்கொண்டிருந்தது. போன தடவை கேட்டது மயில் நீலம், வந்தது பள்ளிக்கூட யூனிஃபார்ம் நீலம். இந்த முறை மெஷின் பக்கத்திலேயே நின்று பார்த்துவிடுவது என்று கிளம்பியிருந்தேன்.

பஸ் நகரும் நேரத்தில் ஒரு தம்பதி ஏறினார்கள். அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் எக்ஸ்ரே கவர். ஏறிய வேகத்தில் கணவரின் கையைப் பிடித்து இழுத்து, என் சீட்டுக் கம்பியைப் பிடிக்க வைத்தார். அவர் நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, வழித்த முகம். கம்பியைப் பிடித்திருந்தும் உடம்பு ஒரு இடத்தில் நிற்கவில்லை. இடது பக்கம் சாய்ந்தார், நிமிர்ந்தார், மறுபடி சாய்ந்தார்.

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. மனிதர் அப்படியே பக்கத்து சீட்டில் இருந்த பெண்ணின் மடியில் போய் விழுந்தார்.

அப்புறம் என்ன நடந்திருக்கும்? உங்களுக்குத் தெரியாததா...

அந்தப் பெண் எழுந்து ஒதுங்கினார். பின்னாலிருந்து ஒருவர், “பட்டப்பகல்லயே ஏத்திக்கிட்டு வந்துட்டான்” என்றார். இன்னொருவர், “பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கான் பாரு” என்றார். ஆமத்தூருக்கு முன்னாலேயே கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

“இறங்குய்யா.”

“அவுக குடிக்கலண்ணே” என்றார் மனைவி. “காதுல பிரச்சினை. மதுரைல டாக்டரைப் பாத்துட்டுத்தான் வர்றோம். இந்தா சீட்டு இருக்கு, பாருங்க.”

“சீட்டு எல்லாரும்தான் வச்சிருக்கான். காதுல பிரச்சினைன்னா கேக்காது. காலு ஏன் இப்படிப் போகுது?”

கணவர் சத்தமாகச் சொன்னார், “நான் குடிக்கிறதே இல்ல சார்.” அந்தச் சத்தம்தான் காரியத்தைக் கெடுத்தது. குடிக்காதவன் ஏன் இப்படிக் கத்துகிறான்?

கண்டக்டரைக் குறை சொல்ல மாட்டேன். “தெனமும் பாக்கேன்மா. வாந்தி எடுத்து வச்சா நாந்தான் களுவணும்” என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் சொன்னதும் நிஜம்தானே.

இருவரும் இறங்கினார்கள். நானும் இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன்? அவருடைய வாய் என் முகத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு துளி வாடை இல்லை. அதைப் பஸ்ஸுக்குள்ளேயே சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் படியில் இருந்தார்கள்.

பஸ் போய்விட்டது. ரோட்டோரம் பூட்டிக் கிடந்த பஞ்சர் கடையின் தகர நிழலில் மூவரும் நின்றோம்.

இனி இவர்களை கிரேஸ், தங்கராஜ் என்று அழைக்கிறேன். இரண்டும் உண்மைப் பெயர்கள் இல்லை. ஊர் ஆனைக்குட்டம் பக்கம். கிரேஸ் சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தங்கராஜ் ஒரு பட்டாசு ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்தவர்.

ஒரு தீபாவளி சீசன் நேரத்தில் அந்த ஃபேக்டரியில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் பிழைக்கவில்லை. தங்கராஜ் வெளியே, கொஞ்சம் தள்ளி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அதிர்ச்சி அவரைத் தூக்கி வீசியது. தீக்காயம் இல்லை. எலும்பு முறிவு இல்லை. முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். “நீ அதிர்ஷ்டக்காரன்யா” என்று வந்தவர்களெல்லாம் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கி நடந்தபோதுதான் தெரிந்தது, தரை அவரை விட்டுப் போய்விட்டது என்று.

நம் உடம்பு நேராக நிற்க உதவும் உறுப்பு காதுக்குள்தான் இருக்கிறதாம். வெடிச் சத்தமும் காற்றும் அதைச் சிதைத்துவிட்டன. ஒரு காது சுத்தமாகக் கேட்பதில்லை. இன்னொன்றில் பாதி. அதனால்தான் அந்தச் சத்தமான பேச்சு. ஆபரேஷன் கிடையாது. சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார்கள். வருடக்கணக்கில் செய்து பார்த்தார். அன்றைக்கு மதுரையில் டாக்டர் பதமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார் — இதற்கு மேல் முன்னேற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று.

“மேலு பூராவும் வெந்திருந்தாக்கூட நம்புவாகக்கா” என்றார் கிரேஸ். “இவுக பாக்க நல்லாத்தானே இருக்காக. அதான் வினையே.”

தங்கராஜ் கடையின் ஷட்டரில் முதுகைச் சாய்த்து நின்றார். சாய ஒரு இடம் கிடைத்தால் அவர் ஆடுவதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

கிரேஸ் சொல்லிக்கொண்டே போனார். விபத்துக்குப் பிறகு ஒரு பிரிண்டிங் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறது. உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஆனால் கேட்டைத் திறக்க எழுந்து நடக்க வேண்டுமே? டைரி, காலண்டர் ஆர்டர் கொடுக்க வெளியூர்ப் பார்ட்டிகள் வரும் நேரம் அது. முதலாளி கூப்பிட்டு, “எனக்குத் தெரியும்ப்பா நீ குடிக்க மாட்டேன்னு. வர்றவனுக்குத் தெரியாதுல்ல?” என்று சொல்லி அனுப்பிவிட்டார். முதலாளிக்கும் வருத்தம்தானாம். வருத்தப்பட்டுக்கொண்டேதான் எல்லோரும் எல்லாம் செய்கிறோம்.

அதைவிடப் பெரிய அடி கோயிலில் விழுந்தது. இருவரும் கிறிஸ்தவர்கள். ஒரு ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு எல்லோரும் வரிசையாக முன்னால் போகிறார்கள். தங்கராஜும் எழுந்து போகிறார். நடுவில் சபைப் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்து, தோளில் கை போட்டு, காதோடு சொல்லியிருக்கிறார் — “இன்னைக்கு வேண்டாம் தம்பி, வீட்டுக்குப் போய் படுங்க.” அவர் சொன்ன காது கேட்காத காது. தங்கராஜ், “என்ன சொல்றீக?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

பிறகு விவரம் தெரிந்து அந்தப் பெரியவர் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். தங்கராஜ் காபி கொடுத்து அனுப்பினார். ஆனால் அதற்கப்புறம் கோயிலுக்குப் போகவில்லை. வாழ்நாளில் மதுவைத் தொடாதவர், அந்தக் கிண்ணத்துக்குக்கூட லாயக்கில்லாமல் போனார்.

அடுத்த பஸ் வரும்போது கிரேஸ் ஒரு கேள்வி கேட்டார். “நீங்க எளுதுறவுகன்னு சொல்றீகளே... குடிச்சவன் இப்படி நடந்தா தள்ளாடி வாறான்னு சொல்றோம். குடிக்காம ஒரு மனுசன் இப்படி நடந்தா, அதுக்குத் தமிள்ல என்ன வார்த்தைக்கா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போன் நம்பர் வாங்கிக்கொண்டேன்.

அட்டை பச்சையாக அச்சாகியிருந்தது. நான் சண்டை போடவில்லை. அன்றைக்கு எனக்கு எந்தக் கலரும் பெரிதாகப் படவில்லை.

வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். ‘தள்ளாடி’ என்பது இலக்கணப்படி வினையெச்சம். செய்யும் வேலை என்னவோ வினையடையின் வேலை — அடுத்து வரும் காரியம் எப்படி நடந்தது என்று சொல்வது. தள்ளாடி வந்தான், தள்ளாடி நடந்தான். அழுத்தம் வேண்டுமென்றால் இரட்டிப்போம், தள்ளாடித் தள்ளாடி. சொல்லும்போதே நாக்கும் கொஞ்சம் ஆடுகிறது, கவனித்திருக்கிறீர்களா?

பொருள் என்ன? அசைந்து, தளர்ந்து, நிலைகொள்ளாமல். அவ்வளவுதான். மது என்ற பேச்சே அதில் இல்லை.

அந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் சொந்தக்காரர்களாக இருந்திருக்கிறார்கள்! பழைய கதைகளில் பசித்தவன் தள்ளாடி வருவான். மகனைப் பறிகொடுத்த தாய் தள்ளாடி எழுவாள். தலையில் பாரம் சுமப்பவள் தள்ளாடுவாள். பிறந்த கன்று தள்ளாடும். காற்றில் படகு தள்ளாடும். எழுபது வயதைத் தாண்டினால் நாம் எல்லோருமே அந்தச் சொல்லுக்குள் போகப்போகிறவர்கள்தான். அந்தக் கதைகளில் ஒருவர் தள்ளாடி வந்தால், அடுத்த வரியில் இன்னொருவர் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிப்பார். தண்ணீர் கொடுப்பார்.

இன்றைக்கு? செய்தித்தாளில் ‘தள்ளாடியபடி வந்த வாலிபர்’ என்று படித்தால், மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. எல்லாம் புரிந்துவிடும். சினிமாவில் ஒருவன் இரண்டு எட்டு கோணலாக வைத்தால் தியேட்டரே சிரிக்கத் தயாராகிவிடும். கதைகளில் ‘அப்பா தள்ளாடித் தள்ளாடி வந்தார்’ என்றால் குழந்தைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அடுத்த வரியில் யாரும் ஓடிவந்து தாங்குவதில்லை. ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

வேறு சொற்களைத் தேடினேன். ‘தத்தித் தத்தி’ குழந்தையுடையது. ‘நொண்டி நொண்டி’ காலில் அடிபட்டவனுடையது. ‘ஆடி அசைந்து’ அவசரமில்லாதவனுடையது. ‘தடுமாறி’ கொஞ்சம் பொருந்தும். ஆனால் தடுமாற்றம் ஒருமுறை வருவது. கல் தடுக்கினால் தடுமாறுவோம், பிறகு சரியாகிவிடும். சரியாகவே ஆகாத ஒருவருக்கு எந்தச் சொல்?

இத்தனை வருடமாகச் சொற்களை வைத்துப் பிழைக்கிறேன். ஒரு மனிதர் பஸ்ஸில் சொல்லிக்கொள்ள ஒரு சொல் என்னிடம் இல்லை.

சரி, சொல் இல்லாவிட்டால் என்ன, கதையையே எழுதிவிடுவோம் என்று நினைத்தேன். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் சில கண்டக்டர்கள் இருக்க மாட்டார்களா? சில முதலாளிகள்? ‘தள்ளாடுகிறவர்கள் எல்லோரும் குடிகாரர்கள் இல்லை’ என்று தலைப்புகூட வைத்துவிட்டேன். அனுமதி கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனைக்குட்டம் போனேன்.

கிரேஸுக்கு அன்று காலை டியூட்டி, இன்னும் வரவில்லை. தங்கராஜ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“வாங்க மேடம். சாப்பிட்டீகளா?”

சாப்பிட்டாயிற்று என்றேன். வந்த விஷயத்தைச் சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். உங்களைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன், பெயர் போட மாட்டேன், இவர் குடிக்கவே மாட்டார் என்று நான் கண்ணால் பார்த்ததை எழுதினால் நாலு பேர் நம்புவார்கள் என்றேன்.

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்.

“தாராளமா எளுதுங்க. ஆனா குடிக்க மாட்டாருன்னு மட்டும் எளுதாதீக. இப்ப அது பொய்யாயிரும்.”

அப்போதுதான் வாடை எனக்கு எட்டியது.

“எப்போதிருந்து?” என்று கேட்டேன்.

“அன்னைக்கு உங்களைப் பாத்தோம்லா, அதுக்கு அடுத்த வாரத்துல இருந்து.” குரலில் வெட்கமும் இல்லை, வீறாப்பும் இல்லை. “சிவகாசிக்கு மாத்திரை வாங்கப் போனேன். டாஸ்மாக் இருக்கிற தெரு வளியாத்தான் போகணும். அங்கன ஒரு பள்ளம். விளுந்துட்டேன். இதுக்கு முன்னாடியும் எம்புட்டோ எடத்துல விளுந்திருக்கேன் மேடம். பாங்கு வாசல்ல, பள்ளிக்கூட வாசல்ல, மார்க்கெட்ல. யாரும் தொட மாட்டாக. சுத்திப் போயிருவாக. அன்னைக்கு ஒருத்தன் வந்து, ‘எந்திரி மாப்ள’ன்னு கையைப் பிடிச்சுத் தூக்கிட்டான். யாரு, எவருன்னு கேக்கல. என்ன செய்யுதுன்னு கேக்கல. உள்ள கூட்டிப் போயி பார்ல உக்கார வச்சான். தண்ணி குடுத்தான். நல்ல தண்ணிதான், மொதல்ல.”

சுவரைப் பிடித்தபடியே மறுபடி உட்கார்ந்தார்.

“சுத்திமுத்தி பாத்தேன். ஒருத்தரும் என்னையப் பாக்கல. எந்திரிச்சு நடந்தேன், அப்பவும் பாக்கல. அங்கன அம்புட்டு பேரும் என்னைய மாதிரித்தான் நடந்தாக.”

நான் அசட்டுத்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். “குடிச்சா இன்னும் மோசமாத்தானே ஆகும்? இன்னும் அதிகமா விழுவீங்களே?”

“ஆமா மேடம். ஆனா அப்ப விளுந்தா ஒரு காரணம் இருக்குல்ல.”

தெரு முழுக்கக் கேட்கும் குரலில்தான் இத்தனையும் சொன்னார். அவருக்கு அது மெல்லப் பேசுவது. பக்கத்து வீட்டில் துணி அலசிக்கொண்டிருந்த சத்தம் நின்று போயிருந்தது.

“கிரேஸுக்குத் தெரியுமா?” என்றேன்.

“நான் சொல்லல. அவ இத்தன வருசமா ஊர்ல ஒவ்வொருத்தன்ட்டயும் சண்ட போட்டிருக்கா. எப்படிச் சொல்ல?”

சொல்லத்தான் வேண்டும், நீங்களே சொல்லுங்கள், டாக்டரிடமும் போங்கள் என்றெல்லாம் சொன்னேன். நம்மிடம் எப்போதும் கையிருப்பு இருக்கும் வாக்கியங்கள் அவை. அவரும் மரியாதையாகத் தலையாட்டினார்.

நான் கிளம்பும் நேரத்தில் கிரேஸ் டியூட்டி முடிந்து வந்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். அவர்கள் வீடு கண்ணுக்கு மறைந்ததும் நின்றார்.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அவுக குடிச்சிருக்காகளா?”

பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் ரோட்டுப் பக்கம் திரும்பினேன்.

“இல்லக்கா, நெசமாத்தான் கேக்கேன். நடையை வச்சு மத்த பொம்பளைக கண்டுபிடிச்சிருவாக. எனக்கு அதுக்கு வளி இல்ல. தெனமும் இதே நடைதான். வாடை பாக்கலாம்னா, ஆஸ்பத்திரியில ஸ்பிரிட்டுலயே நின்னு நின்னு எனக்கு எல்லாமே ஸ்பிரிட்டாத்தான் தெரியுது. நீங்க பக்கத்துல உக்காந்து பேசியிருக்கீக. சொல்லுங்க.”

அன்றைக்கு பஸ்ஸில் வாடை இல்லை என்று சொல்ல வாய் எழவில்லை. இங்கே வாடை இருக்கிறது என்று சொல்லவும் வாய் எழவில்லை. “அவர்கிட்டயே கேளு கிரேஸ்” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலேயே படித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். தோளில் கிடந்த பையைச் சரிசெய்துகொண்டார்.

“சரிக்கா. பஸ்ஸு வருது, ஏறுங்க.”

வழி நெடுக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன். யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் ஒரு தப்பும் செய்யாமல் ஊர் முழுக்க விழுந்து கிடந்தார். கை கொடுத்தது ஒரே ஒரு இடம். அந்த இடத்துக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு என்ன அருகதை? அந்தக் கையை வேறு யாராவது முதலில் நீட்டியிருக்கக் கூடாதா? பாங்க் வாசலில் ஒருவர்... மார்க்கெட்டில் ஒருவர்?

இந்த வாரம் கிரேஸ் போன் செய்தார். தங்கராஜ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். கிரேஸ் திட்டவில்லை. தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே மனநல டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார். இரண்டு தடவை ஒழுங்காக வந்தவர், மூன்றாவது தடவை வரவில்லை. பார் பக்கம் போய்விட்டார்.

“அங்கன ஃபிரெண்டுக இருக்காகளாம்” என்றார் கிரேஸ். “இத்தன வருசத்துல அவுக வாயில இருந்து ஃபிரெண்டுன்னு ஒரு வார்த்த இப்பத்தான் கேக்கேன்.”

அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண்ணின் கணவர் குடிப்பவர். பல வருடங்களாக கிரேஸிடம் அந்தப் பெண்ணுக்குப் பேச்சு இல்லை. காரணம் என்ன தெரியுமா? ‘எங்க வீட்டுக்காரரு குடிக்க மாட்டாரு, அவருக்குச் சீக்கு’ என்று கிரேஸ் சொல்லும்போதெல்லாம், அது தன்னைக் குத்திக் காட்டுவதாகவே அவருக்குப் பட்டிருக்கிறது. நம்ம வீட்டுக்காரன் குடிகாரன், அவ வீட்டுக்காரன் மட்டும் சீக்காளியாக்கும் என்று தெருவில் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறார்.

நான் போயிருந்த ஞாயிறன்று துணி அலசும் சத்தம் நின்றது என்றேனே, அது அவர்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மறுநாள் சாயங்காலம் ஒரு சொம்பு மோருடன் கிரேஸ் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“‘அவுகளுக்குக் குடு, வயிறு எரியாம இருக்கும்’னாக்கா. அப்புறம் பக்கத்துல உக்காந்து, ‘விடு தாயி, இங்கன எந்த வீட்லதான் இல்ல’ன்னு முதுகைத் தடவிக் குடுத்தா. நான் அளுதுட்டேன். எதுக்கு அளுதேன்னு எனக்கே தெரியல.”

அது ஆறுதல்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தங்கராஜுக்கு விபத்தில் நேர்ந்ததை ஊருக்குப் புரியவைக்க கிரேஸ் எத்தனை வருடம் போராடினார்! ஒருவரும் நம்பவில்லை.

இப்போது அவர்கள் மேல் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை.